டயர் நனையாமல் வந்தவன்

“கடலுக்கு மேலால வந்தான் சபூறா! நான் பார்த்து வெச்சிரிக்கிற அதே பெரிய பைக்குல. அலையெல்லாம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டுது. டயர் ரெண்டும் ஒரு சொட்டு நனையல்ல. நேரா நம்மட வாசலுக்கு வந்து பைக்குத் திறப்ப என்ட கையில தந்தான்!”

விடியலில் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்த கையோடு குசினி வாசலை அடைத்துக்கொண்டு நின்று நூஹு அளந்தார். முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மின் மீற்றர் பார்த்து ஓய்வு பெற்றவர். பார்த்த மீற்றர்களை விட விட்ட புளுகுகள் அதிகம். ஒரு வீட்டில் அவரைக் கொத்திய கோழி அடுத்த வீட்டுக்குள் மயிலாகி, தெருமுனைக்கு வரும்போது முதலையாகிவிடும். சாய்ந்தமருது ஊர் முழுக்கச் சிரிக்கும். மனைவி சபூறா மட்டும் சிரிக்கவும் மாட்டாள், நம்பவும் மாட்டாள்.

இந்த ஒரு தரம் அவள் நம்பியாக வேண்டியிருந்தது. இரண்டு பேரும் பைக்கில் இலங்கையைச் சுற்றுவதென்று முடிவு; எந்த பைக் என்பதில்தான் மூன்று மாதமாக இழுபறி. நூஹுவுக்கு அட்டாளைச்சேனையில் கண்டுவைத்த பாவித்த பைக்தான் வேண்டும். இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், முன்னால் காற்றுக் கண்ணாடி, பக்கத்துக்கொரு பெட்டி, ராஜா மாதிரி உட்கார்ந்து போகலாம். சபூறா கல்முனை ஷோரூமில் நின்ற சின்னப் புது பைக்கை விட்டு இறங்கவில்லை. “புதுசு எண்டா பிழை நம்மட பிழை. பாவிச்சது எண்டா ஆர்ர பிழையையோ நாம வீட்டுக்குக் கொண்டு வாறம்,” என்பாள். கடைசியில் அவளே சொன்னாள்: “இஸ்திகாரா தொழுதுட்டுப் படுங்க. அல்லாஹ் கனாவிலயோ மனசுலயோ காட்டுறத வாங்குவம்.”

நூஹு முஸல்லாப் பாயை விரித்தது உண்மை. இரண்டு நிமிடம் சாய்வோமே என்று தலையணையில் தலை வைத்ததும் உண்மை. அதற்குப் பிறகு ஸுபஹ் பாங்குதான். இஸ்திகாராத் தொழுகையும் இல்லை, கனவும் இல்லை.

“வந்தது ஆரு?” என்று சபூறா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

யாரோ ஒரு வெள்ளை உடுப்புக்காரர் என்றுதான் சொல்ல நினைத்திருந்தார். அவளுடைய முதுகில் ஒரு அசைவும் இல்லாததைக் கண்டதும் வாய் முந்திக்கொண்டது.

“முபீன்.”

முபீன் அவளுடைய ஒரே தம்பி. சுனாமி அன்று காலையில் பைக்கில் கடற்கரைக்குப் போனவன். அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை, பைக்கும் கிடைக்கவில்லை. கடலிலிருந்து ஒருத்தர் திரும்பி வந்தார் என்று இந்த ஊரில் பகிடிக்கும் யாரும் சொல்வதில்லை. அது நூஹுவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அகப்பை நின்றது. “என்ன உடுத்திருந்தான்?”

“நீலச் சேட்டு. மேல் பொத்தான் மாறிப் பூட்டியிருந்திச்சி.” சும்மா, கதைக்கு ஒரு சோடனைக்காகச் சேர்த்தது.

சபூறா திரும்பி அவரை நெடுநேரம் பார்த்தாள். “எனக்கு நம்பிக்கை இல்ல. என்ட தம்பி என்னை உட்டுட்டு உங்களுக்கிட்டயா வருவான்? ஆனா இஸ்திகாரா எண்டு சொல்றீங்க. போய் வாங்குங்க.”

அவள் வைத்த தேத்தண்ணீர் உப்புக் கரித்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து சபூறாவின் கை சீனியையும் உப்பையும் மாற்றியதில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அட்டாளைச்சேனையில் பைக்கை விற்று ஒப்படைத்த பர்ஸான், அண்ணனிடம் சொல்வதுபோல் ஒரு குறையை ஒளிக்காமல் சொன்னான். “பின்னால இருக்கிற ஆள் கால் வெக்கிற கம்பி ரெண்டும் துருப்பிடிச்சி மேல இறுகிட்டு காக்கா. நான் ஒத்தனாத்தான் ஓடினன். எண்ணெய் ஊத்தி, சுத்தியலால தட்டித்தான் இறக்கணும்.”

அஸருக்குப் பிறகு நூஹு வீட்டுக்குப் புறப்பட்டார். வெயில் சாய்ந்து, வயலும் ரோட்டும் பொன்னாக மினுங்க, எஞ்சின் அடிவயிற்றில் உறுமும் சுகத்தில் ஒலுவில் வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தவருக்கு, நிந்தவூர் தாண்டியபோது பைக் ஏதோ பின்பக்கம் தாழ்ந்து, வளைவில் இழுபட்டு, ஒரு ஆளை ஏற்றிய பாரத்தோடு ஓடுவதுபோல் பட்டது. காற்று எதிரே அடித்தும் அழுகிய கடற்பாசியின் வாடை பின்னாலிருந்து வந்தது. நிறுத்திப் பார்த்தார். கம்பி இரண்டும் கீழே இறங்கியிருந்தன. துரு உதிர்ந்த தடமே இல்லை. மிதித்து மேலே ஏற்றினார். காரைதீவில் பார்த்தபோது மறுபடியும் கீழே.

திரும்பிப் போய் பைக்கைக் கொடுத்துவிடலாம். சபூறாவிடம் என்ன சொல்வது? கனவு பொய் என்றா?

வீட்டு வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். போகிற வழியில் அளந்த கதை அவருக்கு முந்தி வந்துவிட்டிருந்தது. “சொல்லுங்க காக்கா, முபீன் என்ன சொன்னான்?” என்று கேட்டார்கள். அத்தனை கண்களைக் கண்டதும் நூஹுவின் பயம் எங்கோ போய்விட்டது. கையை வீசினார், குரலை நடுங்கவிட்டார். அவன் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியதைச் சொன்னார். போகும்போது திரும்பிப் பார்த்து, ‘மச்சான், என்ட ராத்தாவ ஒரு சுத்துக் கூட்டிக்குப் போகணும்’ என்றான் என்று முடித்தார். பெண்கள் அழுதார்கள். ஜன்னலுக்குப் பின்னால் சபூறா நிற்பதை அதற்குப் பிறகுதான் கண்டார். முகத்தில் அனல் அடித்தது.

அடுத்த நாள் பின் சீற்று ஈரமாக இருந்தது. துடைத்தார். அதற்கடுத்த நாளும் துடைத்தார். மூன்றாம் நாள் சீற்றில் ஒரு நீலப் பொத்தான் கிடந்தது. யாரும் காணாமல் கிணற்றில் போட்டார். மதியம் லுஹர் நேரத்தில் வாசலில் எஞ்சின் மெதுவாக ஓடும் சத்தம் கேட்டது; எஞ்சினை இயக்கும் திறப்போ அவருடைய சட்டைப்பையில்.

“பைக் சத்தம் கேக்குதா?” என்றார்.

“கடல் இரையுது,” என்றாள் சபூறா. “உங்கட புளுகு உங்களுக்கே கேக்கத் தொடங்கிட்டா?” சொல்லிவிட்டு, கேட்காத மாதிரி ஜன்னலைச் சாத்தினாள். ஆனால் கொளுக்கியை மாட்டவில்லை.

நாலாம் நாள் பள்ளிவாசலில், அந்தி மஃரிப் தொழுகையில் நூஹுவால் ஸுஜூதிலிருந்து எழ முடியவில்லை. நெற்றியை நிலத்தில் வைத்தபடி கிடந்தார். படைத்தவன் பெயரிலும் பொய். கடல் கொண்டுபோன பிள்ளையின் பெயரிலும் பொய். ஒரு பைக்குக்காக. போய்ச் சொல்லிவிடுவது. அவள் காறித் துப்பினாலும் சரி. அந்தச் சனியனை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது.

நடந்தார். பிறகு ஓடினார்.

வேலிப் படலை திறந்து கிடந்தது. வீட்டில் லைட் எரியவில்லை. பைக் வாசலில் நின்றது. எஞ்சினில் கை வைத்தார். சுட்டது. கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. டயரைத் தொட்டார். காய்ந்து, தூசியாக இருந்தது.

மணலில் ஒரே ஒரு டயர் தடம். கடல் பக்கமிருந்து வந்த தடம்.

“சபூறா?”

குசினியில் சொட்டுச் சத்தம். அது குழாய் இல்லை. குழாயில் பின்னேரத்திலிருந்து தண்ணீரே இல்லை.

இருட்டில் அவள் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். அபாயா உடுத்து, ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தாள். நூஹு வாசற்படியிலேயே மண்டியிட்டார். விம்மல் முந்தியது.

“நான் தொழல்ல சபூறா. கனாவும் காணல்ல. எல்லாம் பொய். முபீன் வரல்ல. பைக்குக்காகச் சொன்ன பொய். என்னை மன்னிச்சிரு...”

“எனக்குத் தெரியும்.” அவளுடைய குரல் குளிர்ந்திருந்தது. “நீங்க சொன்ன அண்டைக்கே தெரியும். ஒரு சொல்லும் நான் நம்பல்ல.”

நூஹுவுக்கு மூச்சு வந்தது. எழுந்து சுவரைத் தடவி லைட்டைப் போட்டார்.

அபாயாவிலிருந்து தண்ணீர் ஓடி அவருடைய கால்விரல்களைத் தொட்டது. கண்கள் இமைக்கவில்லை. உதடுகள் நீலம். பல்லிடுக்கெல்லாம் மணல்.

“நான்தான் பிழை,” என்றாள் சபூறா. அவள் கதைக்கக் கதைக்க வாயோரத்தால் கடல் வடிந்தது. “முபீனுக்குப் பின்னால குந்தி இஞ்சால வரக்குள்ளதான் பார்த்தன். அலை ஒதுங்கிச்சி. டயர் நனையல்ல. நீங்க சொன்னது நடந்ததுதான்.”