வெட்டி வைத்திருந்த குழி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், குளியலறைக் குழாய்கள் விற்கும் கம்பெனியின் வட்டார மேனேஜர், நாட்டின் கடற்கரை முழுவதையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை காரிலேயே பார்த்து முடிப்பது என்று தீர்மானித்துவிட்டார். தீர்மானம் சாப்பாட்டு மேஜையில் ஏகமனதாக நிறைவேறியது. மனைவிக்கும் மச்சினனுக்கும் வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் எதிர்ப்பு எதுவும் எழவில்லை. வீட்டில் 'வாலு' என்று அழைக்கப்படும் ஏழு வயது மகள் மட்டும் கைதட்டினாள்.

பாதிக் கரை பார்த்தாகிவிட்ட ஒரு சாயங்காலம், பழைய விடுதி ஒன்றின் முன் வந்து இறங்கினார்கள். ஜன்னல் கம்பிகளில் துரு. மெத்தையில் நனைந்த துணியின் வாடை. ஆனால் பின்கதவைத் திறந்தால் கடல். ஈ காக்கை இல்லாத மணல்.

அந்த மணலில், அலை தொட்டும் தொடாமலும் திரும்புகிற இடத்தில், ஒரு குழி.

நீளவாக்கில் வெட்டியிருந்தது. ஓரங்கள் சீவிவிட்டாற்போல் நேராக இருந்தன. சுற்றிலும் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"மாமா, உங்களுக்கு அளவெடுத்து வெட்டின மாதிரியே இருக்கு," என்றான் மச்சினன். "படுங்க, கழுத்து வரைக்கும் மூடிட்டு ஒரு போட்டோ எடுக்கலாம். ஆபீஸ்ல அசந்துடுவாங்க."

"வேண்டாங்க. எனக்கென்னமோ பிடிக்கல," என்றாள் மனைவி.

"உனக்கு என்னைக்கு எது பிடிச்சிருக்கு?"

மேனேஜர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்தார். தையற்காரர் தைத்த சட்டைகூட அவருக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில்லை. வாலுவும் மச்சினனும் மணலை அள்ளிப் போட்டார்கள். கடைசியில் தலை மட்டும் மிஞ்சியது, கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற அதே தோரணையோடு.

அப்போது மணலுக்கடியில் ஒரு கை அவருடைய கணுக்காலைப் பிடித்தது.

குளிர்ந்த கை. அது வலிக்கப் பிடிக்கவில்லை. கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்று பிடிக்கிற பிடி.

மச்சினன் வேலையாக இருக்கும் என்று நினைத்தார். மச்சினனின் இரண்டு கைகளும் போனில் இருந்தன.

"டேய்... யாரோ என் காலப் பிடிச்சிருக்காங்கடா."

"சூப்பர் மாமா! மூஞ்சிய அப்படியே வெச்சுக்குங்க, வீடியோ போடறேன்."

அலை வந்தது. தாடையைத் தொட்டுவிட்டுப் போனது.

கனைத்தாலே பத்துப் பேரை எழுந்து நிற்க வைக்கும் மேனேஜரால் ஒரு விரலை அசைக்க முடியவில்லை. நனைந்த மணல் நெஞ்சின்மேல் இறுகியது. அடுத்த அலை வாய்க்குள் போனது. அதற்கப்புறம் அவர் கத்திய கத்தலில் பதவி எதுவும் இல்லை.

முதலில் ஓடி வந்தவள் மனைவி. தோண்டத் தோண்ட மணல் சரிந்து மூடியது. கைகளை மட்டும் எப்படியோ வெளியே எடுத்தார்கள். அக்காவும் தம்பியுமாக அக்குளைப் பிடித்து இழுத்தார்கள். அவர்கள் இழுத்த அளவுக்கே கீழேயிருந்தும் இழுபட்டது. பலத்தைக் காட்டி அல்ல, பொறுமையாக.

"வாலு, கிட்ட வராத!"

அவள் ஏற்கெனவே கால்மாட்டில் மண்டியிட்டிருந்தாள். தோள் வரைக்கும் கையை மணலுக்குள் விட்டிருந்தாள்.

பிடி விட்டது.

மேனேஜர் வெளியே வந்து குப்புற விழுந்தார். இருமினார். இரண்டு கையாலும் கண்ணிலிருந்த மணலைத் துடைத்தார்.

"வலிக்குதுப்பா. என் கைய விடு," என்றாள் வாலு.

அவருடைய கைகள் இன்னும் முகத்தில்தான் இருந்தன.

மச்சினன் அவளைத் தூக்கினான். கை தடையில்லாமல் வெளியே வந்தது. உள்ளங்கையில் ஒன்றுமில்லை. ஆனால் விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன; முழங்கை மடங்க மறுத்தது.

பெட்டிகளை விடுதியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து காரைக் கிளப்பினார்கள். பின் சீட்டில் மச்சினன். ஜன்னலோரத்தில் வாலு, கை வெளியே நீண்டிருந்தது. மேனேஜர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அவள் அலறினாள். தோள் பின்பக்கமாக இழுபட்டது.

"வேகமா போகாதப்பா! அவங்களால ஓட முடியல!"

"யாரால கண்ணு?" மனைவி முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

வாலு ஜன்னலுக்கு வெளியே நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டேன். சொல்ல மாட்டேங்கறாங்க."

மேனேஜர் இன்னொரு தடவை வேகம் எடுத்துப் பார்த்தார். மூட்டு நொறுங்குகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு கார் ஆள் நடக்கிற வேகத்தில் போனது. தார் ரோட்டில், காருக்குப் பக்கத்தில், ஈரக்கால் பதிகிற சத்தம் மட்டும் கூடவே வந்தது.

பின்னால் ஹாரன் அடித்துச் சலித்த லாரி ஒன்று பக்கவாட்டில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன சார் இது அநியாயம்? அந்தம்மாவ ரோட்ல நடக்க விட்டுட்டு நீங்க மட்டும் சொகுசா வரீங்க? உள்ள ஏத்திக்க வேண்டியதுதானே!"

"இடமில்லைங்க," என்றார் மேனேஜர்.

பின் சீட்டில் இன்னும் ஒருவர் தாராளமாக உட்காரலாம்.