பதில் வராவிட்டால் திருப்தி

மூடிவைத்த புகார் ஒன்று மாலை ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் திரையில் தானாகத் திறந்துகொண்டு பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்தது. ஏதோ கோளாறு என்று அவள் மறுபடி மூடினாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் திறந்திருந்தது.

வீட்டுக்குள் பொருத்தும் சின்ன லிஃப்ட் விற்கிற கம்பெனி அது. வாடிக்கையாளரின் புகாரை வாங்கி, பிரித்து, பதில் போட்டு, மூடுவதெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். அதற்கான விதிகளை எழுதுவது இவள். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? ஒரே வீட்டிலிருந்து திரும்பத் திரும்ப வரும் புகார்களை ஒன்றாகச் சேர், மெக்கானிக்குக்கு அனுப்புமுன் 'சரியாகிவிட்டதா?' என்று கேள். இரண்டு நாள் பதில் வராவிட்டால் 'வாடிக்கையாளர் திருப்தி' என்று மூடு. இந்த விதிக்கு மேலாளர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். வாயைத் திறக்காதவர் நிம்மதியாகத்தான் இருப்பார் என்று நினைத்தாள், பாவி.

தனியாக இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் வீட்டு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். உதவிப் பொத்தானை நூற்றுப் பன்னிரண்டு தடவை அழுத்தினார். அத்தனையும் ஒரே புகாராகச் சேர்ந்தது; இன்று திறந்துகொண்டதும் அதுதான். 'சரியாகிவிட்டதா?' என்ற கேள்வி, மாடிக் கட்டிலில் கிடந்த அவருடைய போனுக்குப் போனது. நான்காம் நாள் கதவை உடைத்தபோது உயிர் இல்லை.

அன்றைக்கே இவள் ஓசைப்படாமல் விதியை அழித்துவிட்டாள். அந்தப் பகுதி மெக்கானிக்தான் புகாரைக் கவனிக்காமல் விட்டார் என்று விசாரணையில் முடிவாயிற்று. நாளையிலிருந்து அவருக்கு வேலை இல்லை. மூன்று வாரமாக இவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல நா எழவில்லை.

ஐந்தரைக்கு, அவளுடைய கண்ணாடி அறை வாசலில் அந்த மெக்கானிக் வந்து நின்றார்.

"அம்மா, எனக்கு அந்தப் புகார் வரவே இல்லம்மா. கம்ப்யூட்டர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். புண்ணியமாப் போவும்."

திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்துட்டேண்ணே. ஒண்ணும் இல்ல."

"சரிம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த நம்பிக்கைதான் அவளைக் குத்தியது. அவர் வெளியே போக, கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஏசியின் இரைச்சல் நின்றது. எந்திர மசகும் பழைய வியர்வையும் கலந்த புழுங்கல் வாடை, யாரோ வெகுநேரமாக மூச்சுவிட்டு மூச்சுவிட்டுத் தீர்த்த காற்றைப்போல, மேசைக்கு அடியிலிருந்து கசிந்து முழங்காலை, வயிற்றை, கழுத்தைத் தொட்டுக்கொண்டு மேலே வந்தது. டொக். எங்கோ பொத்தான் அமுங்கும் சத்தம். டொக். ஒவ்வொரு டொக்குக்கும் திரையில் எண் ஒன்று கூடியது. நூற்றுப் பதின்மூன்று. நூற்றுப் பதினான்கு. அவள் அழித்த விதி அங்கே உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு கேள்வி, இவளுடைய பெயருக்கே வந்திருந்தது.

'சரியாகிவிட்டதா?'

ஐயோ, சொல்லிவிடுகிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன். பாய்ந்து கதவை இழுத்தாள். அசையவில்லை. "அண்ணே!" என்று கத்தினாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மேசையிலிருந்த போன் அதிர்ந்தது. ஓடி எடுத்தாள். கணவன்.

"கெளம்பிட்டியா? ...ஹலோ? ...பேச மாட்டேங்கற. சரி, மும்முரமா இருக்க போல. நீ நல்லாத்தான் இருக்கன்னு தெரியுது. வெச்சிடறேன்."

போனை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. சத்தமே இல்லை. நடையின் கடைசியில் மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டார்! கண்ணீர் பொங்க, உயிரைக் கொடுத்து அறைந்தாள்.

அவர் சிரித்தார். கையை உயர்த்தி ஆட்டினார்.

"வரேம்மா."

போய்விட்டார். ஒவ்வொருவராகப் பையை மாட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எல்லோரும் கையாட்டினார்கள்.

அவள் அறைந்துகொண்டே இருந்தாள்.

பிடரியில் மூச்சு பட்டது. சூடாக. மெதுவாக.

அவள் கைக்குப் பக்கத்தில், கண்ணாடியின் உட்புறத்தில், நகம் பெயர்ந்த இன்னொரு கை வந்து தட்ட ஆரம்பித்தது.