நுரைச்சோலைச் சந்தியில் நின்ற கார்

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த மறுநாள் காலையிலேயே முஃபீதா கஜலக்ஷ்மியின் வீட்டுக்கு வந்துவிட்டாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“மிஸ், என்ட மாப்புள தானா மவுத்தைத் தேடிக்கிட்டாரா, இல்லாட்டி கார் பழுதாலயா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு.”

கஜலக்ஷ்மி ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக விபத்து வாகனங்களைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். முஃபீதாவின் கணவர் பாறூக், கண்டக்குழிக் கடற்கரை விடுதிகளுக்கு வாடகைக் கார் ஓட்டியவர். நுரைச்சோலைச் சந்தியில் திருப்பும்போது கார் நடுறோட்டில் நின்றது. பின்னால் வந்த லொறி விடாமல் ஹோர்ன் அடித்தும் அவர் இறங்கவில்லையாம்; லொறி மோதி அங்கேயே இறந்தார். வேண்டுமென்றே இருந்தார் என்று ஊர் கதைத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

“அண்டைக்குச் சண்டை மிஸ். கொஞ்ச மாசமாக் கூப்பிட்டாப் பதிலே இல்ல. ஆத்திரத்துல, ‘நீங்க மவுத்தானாலும் நான் அழ மாட்டேன்’ எண்டுட்டேன். திரும்பியும் பாக்காமப் போனாரு.”

ஸப்ராஸின் ஆட்டோவில் மூவரும், பாறூக்கின் காரைப் பழுதுபார்த்துவந்த அஸ்மினின் கராஜுக்குப் போனார்கள். நொறுங்கிய கார் அங்கேதான் கிடந்தது. கஜலக்ஷ்மியின் விசாரணைக்கெல்லாம் ஆட்டோ ஓட்டுவது ஸப்ராஸ்தான். முடிவும் முதலில் அவனே சொல்லிவிடுவான்.

“அஸ்மின்தான் மிஸ்! பழைய சாமானைப் புதுசெண்டு போட்டிருப்பான்.”

“பொறும். முதல்ல பார்ப்பம்.”

டோர்ச்சோடு குனிந்தார். முன்சில்லின் உட்பக்கமெல்லாம் கிறீஸ் தெறித்துக் காய்ந்திருந்தது. அச்சின் மூட்டை மூடும் ரப்பர் உறை, கராஜ்காரர்கள் எக்சல் பூட் என்பது, மடிப்போடு வெடித்திருந்தது. உள்ளே கடற்கரை மணல். மூட்டின் குண்டுகள் தேய்ந்து கழன்றிருந்தன.

“இது ஒரு நாளில தேஞ்சதில்லை. திருப்பிற நேரமெல்லாம் டக் டக் எண்டிருக்கும்.”

“ஊரே கேட்டிச்சே மிஸ்!” என்றான் ஸப்ராஸ். “பக்கத்தால போகக்குள்ள நானும் கத்திச் சொன்னேன். சலாம் சொல்றேனாக்கும் எண்டு கையைத் தூக்கிட்டுப் போனாரு.”

அஸ்மின் கையைத் துடைத்தபடி கிட்ட வந்தான். “நானும் சொன்னேன் மிஸ். பூட் வெடிச்சிரிக்கி, மாத்தணும், டக் டக் எண்டு கேட்டா ஓட்டவே வாணாம் எண்டேன். சரி சரி எண்டாரு.”

“எங்க நிண்டு சொன்னனீர், தம்பி?”

“நிக்கல்ல மிஸ். காருக்குக் கீழ படுத்திருந்தேன்.”

கஜலக்ஷ்மி முஃபீதா பக்கம் திரும்பினார். “அவற்ற போன் மணி அடிக்கிறதை நீங்கள் கடைசி மாசங்களில கேட்டனீங்களோ?”

“இல்ல. வைப்ரேட்டுலதான். மெசேஜ் போடச் சொல்லுவாரு.”

“முன்னுக்கு நிண்டு கேட்டால்?”

“என்ட முகத்தையே பாத்துட்டிருப்பாரு. பதில் சொல்லுவாரு.”

“அவருக்குக் காது கேட்கேல்ல, தங்கச்சி. தெரிஞ்சால் விடுதிக்காரர் கூப்பிடமாட்டினம் எண்டு உங்களுக்கும் மறைச்சிட்டார். பூட் வெடிச்ச உடனயே மாத்தியிருக்கவேணும்; சத்தம் வரேக்குள்ள மூட்டு பாதி போயிற்று. அவருக்கு அஸ்மின் சொன்னதும் கேட்கேல்ல, அந்தச் சத்தமும் கேட்கேல்ல. சந்தியில மூட்டு கழண்டது. இஞ்சின் ஓடுது, கார் நகரேல்ல. ஏனெண்டு குனிஞ்சு பாத்திருப்பார். ஹோர்ன் ஆருக்குக் கேட்டது?”

கஜலக்ஷ்மி முஃபீதாவுக்குக் கிட்டப் போனார்.

“அண்டைக்கு அந்தச் சொல்லை எங்க நிண்டு சொன்னனீங்கள்?”

“குசினிக்குள்ள, அடுப்புக்கு முன்னால. அவரு வாசல்ல செருப்புப் போட்டுட்டிருந்தாரு.”

“அப்ப அவர் அதைக் கேட்கவே இல்லை.”

“அல்ஹம்துலில்லாஹ்!” அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அஸ்மின் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“பொறகு மனசு கேக்காம ஓடினேன் மிஸ். கார் வெளிக்கிடக்குள்ள, ‘கோவத்துல சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க’ எண்டு பின்னால நிண்டு கத்தினேன். அதும் கேட்டிரிக்காதா?”

ஸப்ராஸ் கஜலக்ஷ்மியைப் பார்த்தான். கஜலக்ஷ்மிதான் ஏதாவது சொல்லவேண்டியிருந்தது.

“கண்ணாடியில உங்களைப் பாத்திருப்பார், தங்கச்சி.”

முஃபீதா அந்த நொறுங்கிய காரின் பக்கம் திரும்பினாள்.

“பாத்திருந்தா, அப்பயும் ஏசுறேன் எண்டுதானே நெனச்சிருப்பாரு?”