ம் கொட்டியவர்

ஞாயிறு காலை எங்கள் வீட்டில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே நிதிச்சொல்லி பேச ஆரம்பித்துவிடும். நகராட்சி வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் ஸ்பீக்கர் அது. ஊர்ப்பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று அவரவர் பேச்சிலேயே சொல்லும். மதுரையிலிருந்து வந்த பக்கத்து வீட்டாருக்கு மதுரைத் தமிழ், எங்களுக்கு நெல்லைத் தமிழ். அணைக்க ஸ்விட்ச் கிடையாது. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். என் வீட்டுக்காரர் முத்துசிவனோ எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிக்கு வரி "ம்" கொட்டுவார். பேசுகிறவர் முன்னால் சும்மா இருந்தால் மரியாதையில்லையாம்.

புதன்கிழமை வழக்கம்போல அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போனேன். நகராட்சியின் இலவச நிலையம். அவர் உயிர் ஓடுவதே அதனால்தான். மாதக் கடைசியில் மூடுகிறோம் என்று கதவில் ஒட்டியிருந்தது.

அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு நகராட்சிக்கு ஓடினேன். மக்கள் விளக்கப் பிரிவில் அருள்ராஜ் என்ற இளம் அதிகாரி இருந்தார்.

"யாரக் கேட்டு மூடுதீங்க தம்பி?"

"உங்க வீட்லயும் கேட்டோம்க்கா."

நிதிச்சொல்லி எங்கள் வீட்டில் பதிந்து வைத்திருந்த ஒலிப்பதிவைப் போட்டார். வடிகாலுக்குப் பணம் பத்தவில்லை, டயாலிசிஸ் நிலையத்தை மூடினால் அந்தப் பணத்தை மாற்றலாம் என்றது நிதிச்சொல்லி. "ம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"விளக்கினதுக்கு ம் சொன்னா ஒப்புதல்னுதான் சட்டம். ஊர்ல பாதிப்பேருக்கு மேல சொல்லிட்டாங்க."

"நல்லாருக்கே கத. கேக்கேன்னு காட்டத்தான ம் கொட்டுவோம்? அது சம்மதமாய்யா?"

"தெரியும்க்கா. எங்கம்மாவும் கொட்டியிருக்காங்க." அவர் முகம் வாடிவிட்டது. "ஒரே வழிதான் இருக்கு. புரியலன்னு மனு கொடுத்தா மறுபடி விளக்குவோம். எது புரியலன்னு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். புரியாதது ஒன்றுமே இல்லை. மழை வந்தால் எங்கள் தெருவே மூழ்குகிறது, வடிகால் வேண்டும்தான். எனக்கு இந்த மனுஷரும் வேண்டுமே. அதை எழுத மனுவில் இடமில்லை.

வீடு வந்ததும் அவரிடம் கத்தினேன். "தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக நம்மால முடியுமா? எதுக்கு ம் கொட்டுனீங்கன்னு தெரியுமா?"

அவர் நிதிச்சொல்லியைக் கைகாட்டினார். "இத்தன வருஷமா வரி கட்டுதேன், செண்பகம். ஒருத்தரும் எனக்கு உக்காந்து கணக்கு சொன்னதில்ல. இது சொல்லுச்சு. கேட்ட சொகத்துல, என் விஷயத்தத்தான் சொல்லுதுன்னே மனசுல படல."

அவர் மேல் கோபம் நிற்கவில்லை. நகராட்சி மேல் காட்டலாமென்றால், அது எதையும் மறைக்கவில்லை. யாரைத் திட்டுவதென்று தெரியாமல், ஊசி குத்திக் குத்தி வீங்கிய அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.