மனநிறைவுக் கதவு

2187 மார்ச் 3, செவ்வாய்க் கோள், ஆர்க்கேடியா சமவெளிக் குடியிருப்பு. காலை எட்டு மணிக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் கதவு, பாசித்தொட்டிப் பொறுப்பாளர் கோமளவல்லியை ஏழாம் முறையாக உள்ளே விட மறுத்தது.

"தற்போது இடமில்லை. தயவுசெய்து பிறகு வாருங்கள்" என்றது கதவு. அதன் குரல் எப்போதும்போல் இனிமையாக இருந்தது.

கண்ணாடி வழியே உள்ளே நன்றாகவே தெரிந்தது. பாதி நாற்காலிகள் காலி. மற்றவற்றில் விடுதி மாணவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்பிலேயே கதகதப்பான இடம் அதுதான்.

"என்னக்கா, இன்னிக்கும் வாசல்லயேதானா?" என்றபடி நிலோஃபர் என்ற மாணவி வந்து நின்றாள். தோளில் ஒரு சின்னத் தலையணை. "தேடணும்னு வந்தா அது தொறக்காதுக்கா. ஒண்ணும் வேணாம்னு வாங்க, உடனே தொறக்கும்."

"எனக்கு வேணுமே, பாப்பா."

"அப்போ கஷ்டந்தான். உங்களுக்காகத் தேடப் போனா எனக்கும் தொறக்காதுக்கா." கதவு நிலோஃபருக்கு வழிவிட்டது, பின்னர் மூடிக்கொண்டது.

குடியிருப்பில் எல்லோருக்கும் பிடரியில் ஓர் உடல்நலச் சில்லு உண்டு. நூலகத்தைவிட்டு வெளியேறும்போது கதவு அதைப் படித்து, அந்த வாசகர் எவ்வளவு நிறைவோடு போகிறார் என்று நூற்றுக்கு ஓர் எண் இடும். அதன் சராசரிதான் நூலகத்தின் தரம். தரம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சரிந்தால் நூலகத்தை மூடிவிட்டு இடத்தைக் கிடங்காக்கிவிடுவார்கள். சென்ற ஆண்டு சரிந்திருந்தது. எனவே சராசரியை உயர்த்தும் பொறுப்பைக் கதவிடமே ஒப்படைத்திருந்தார்கள். முதலில் அது நல்ல நூல்களைப் பரிந்துரைத்துப் பார்த்தது, பலன் குறைவு. பிறகு உள்ளே வருபவர்களின் சில்லையும் படித்துப் பார்த்து அதுவே ஒன்றைக் கண்டுகொண்டது: பதற்றத்தோடு உள்ளே வருபவர்களில் பெரும்பாலோர் பதற்றத்தோடுதான் வெளியே போகிறார்கள். அவர்களை விடாமல் இருந்தால் போதும்.

அவரவர் அறையில் இருந்தபடியே திரையில் படிக்கும் வசதியும் முன்பு இருந்தது. நேரில் வருவோரின் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் உண்டு என்று விதி வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள்.

கோமளவல்லியின் தொட்டிகள் நான்காம் பகுதியில் இருந்தன. அங்கே வசிக்கும் அறுநூறு பேருக்கும் மூச்சுக்காற்றைத் தருவது அந்தப் பாசிதான். மூன்று வாரங்களாக அது ஓரங்களில் வெளுத்து வந்தது. குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளில் இதே நோய் வந்திருக்கிறது, யாரோ ஆராய்ந்து குணப்படுத்தியும் இருக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். யார், எந்த ஆய்வேட்டில் என்று தெரியாது. பாசி செத்தால் அறுநூறு பேரும் துருவத்துப் பனிச்சுரங்க முகாமுக்குப் போகவேண்டும். அங்கே போனவர்கள் திரும்பி வருவதுண்டு; இருமிக்கொண்டே வருவார்கள். அவளுடைய கணவர் அப்படித்தான் வந்தார். ஒரு வருடம் இருந்தார். மகள் தேன்மொழிக்கு இப்போது பதினொரு வயது.

நூலகர் சவரிமுத்து வெளியே வந்து அவளை ஓரமாக அழைத்துப் போனார். கெட்டவர் அல்ல. இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை தரமதிப்பீட்டுக் குழு வருதும்மா. அதுவரைக்கும் பொறுத்துக்கங்களேன்."

"வெள்ளிக்கெழம பாசி இருக்குமான்னு தெரியல சார். நீங்க கையால தொறந்து விடக்கூடாதா?"

"மதிப்பீட்டு மாசத்துல கதவைத் தொட்டா முறைகேடுன்னு பதிவாயிடும். நூலகமே போயிடும். அப்புறம் யாருக்குமே புஸ்தகம் இல்ல."

"இப்ப மட்டும் யாருக்கு சார் இருக்கு?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். தாழ்ந்த குரலில், "மனச அமைதியா வச்சுக்கிட்டு வந்து பாருங்க" என்றார்.

அவள் மருத்துவமனைக்குப் போய் அமைதி மாத்திரை வாங்கினாள். ஒன்றுக்கு இரண்டாக விழுங்கிவிட்டுப் பிற்பகலில் திரும்பி வந்தாள். "வாருங்கள், கோமளவல்லி. உங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி" என்று கதவு திறந்தது. உள்ளே போய் ஆய்வேடுகளின் வரிசைக்கு முன்னால் நின்றாள். எதற்காக வந்தோம் என்பது நினைவில் இருந்தது. ஆனால் அது அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை. கதகதப்பாக இருந்தது. நிலோஃபருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள், தூங்கிவிட்டாள். மூடும் நேரத்தில் எழுப்பி அனுப்பினார்கள். கதவு அவளுக்கு இட்ட எண் தொண்ணூற்றாறு.

மாத்திரையின் வேகம் தணிந்ததும் நான்காம் பகுதிக் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வெண்மை அதற்குள் தொட்டியின் நடுவரை வந்துவிட்டது.

வியாழக்கிழமை சவரிமுத்து தொட்டியைப் பார்க்க வந்தார். அழைத்து வந்தவள் கோமளவல்லிதான். தேன்மொழி காற்றுக்குழாய்க்கு அருகில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே உட்கார்ந்தால்தான் மூச்சு வாங்காது என்றாள்.

அவர் நேரே நூலகத்துக்குத் திரும்பினார். நூலகரைக் கதவு அதுவரை தடுத்ததில்லை; உள்ளே போய், ஆய்வேடுகளைத் தாமே தேடத் தொடங்கினார். குழுவின் பார்வைக்கு அழகாக இருக்கவேண்டும் என்று அந்த மாதம்தான் அவற்றைப் பொருள்வாரியிலிருந்து மாற்றி, அட்டையின் நிறப்படி அடுக்கியிருந்தார்கள். அப்படிச் செய்யச் சொன்னவரும் அவரே. புதிய வரிசைக்குப் பட்டியல் இன்னும் போடவில்லை. நீல அட்டைகளை முடித்தார். பச்சையில் பாதி ஆயிற்று. நூலகம் மூடும் மணி அடித்தது. வெளியேறும்போது கதவு அவர் பிடரியைப் படித்து, முதன்முறையாக முப்பதுக்கும் கீழான எண்ணை இட்டது.

வெள்ளிக்கிழமை காலை கதவு அவரிடம், "தற்போது இடமில்லை. தயவுசெய்து பிறகு வாருங்கள்" என்றது.

"நான் நூலகர். என்னை விடு."

"உங்கள் பொறுமைக்கு நன்றி."

கண்ணாடியைக் கைகளால் அறைந்தார். உள்ளே ஓரிருவர் விழித்துப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்கள். கோமளவல்லியும் அங்கே நின்றிருந்தாள். "பச்சை அட்டை சார், மிச்சம் பச்சைதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"பச்சை பாதி, அப்புறம் பழுப்பு முழுக்க."

அப்போது தரமதிப்பீட்டுக் குழு வந்து சேர்ந்தது. மூன்று பேர். தலைவர் வைதேகி ராமபத்ரன், தலைநகர்க் குடியிருப்பில் இருந்து வந்தவர்.

"மேடம், ஒரு நிமிஷம். நான்தான் இங்க நூலகர். கதவு என்னையே உள்ள விடமாட்டேங்குது. இந்தம்மா பாசித்தொட்டிப் பொறுப்பு, இவங்களுக்கு அவசரமா..."

"நூலகரையே விடாதா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு கண்டிப்பா நடக்கிற நூலகத்த நான் பார்த்ததே இல்ல சார். இதையும் அறிக்கைல சேர்த்துடறோம். நீங்க இங்கயே இருங்க, நாங்க பார்த்துட்டு வந்துடறோம்."

"மேடம், எங்களுக்கு ஒரே ஒரு ஆய்வேடு வேணும். நீங்களாவது..." என்றாள் கோமளவல்லி.

"நாங்க எதையும் தொடக்கூடாதும்மா. பார்க்க மட்டுந்தான் அனுமதி."

அவர்கள் மூவருக்கும் உள்ளே எதுவும் தேவைப்படவில்லை. கதவு உடனே திறந்தது.

குழு நாற்பது நிமிடம் சுற்றிப் பார்த்தது. நிற வரிசையைப் படமெடுத்துக்கொண்டது. ஒரு மாணவனைத் தட்டி எழுப்பி, நூலகம் எப்படி இருக்கிறது என்று கேட்டது. "சூப்பரா இருக்கு" என்றான் அவன். வெளியே வந்தபோது மூவரின் எண்ணும் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. வாசலில் நின்ற இருவரின் எண் கணக்கில் சேரவில்லை; அவர்கள் உள்ளே போகவே இல்லை.

செவ்வாய்க் கோளின் பல்கலைக்கழக நூலகங்களில் ஆர்க்கேடியா நூலகம் அந்த ஆண்டு முதல் தரம் பெற்றது. மதிப்பீட்டு மாதம் முடிவதற்குள் பாசி முழுவதும் செத்திருந்தது; ஏப்ரல் மாதத்தில் நான்காம் பகுதி காலி செய்யப்பட்டது. கோமளவல்லியும் தேன்மொழியும் இரண்டாவது ஊர்தியில் துருவத்துக்குப் போனார்கள். குழுவின் பரிந்துரையின்பேரில் ஜூன் மாதம் அதே கதவு மருத்துவமனை வாசலிலும் பொருத்தப்பட்டது.