மைக் உறுமியது!

"ஆ...!"

பாடகியின் அலறல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்த ஸ்பீக்கரில் வெடித்தது.

அடுத்த நொடி... வெறும் உறுமல்!

ஸ்டூடியோக்காரர் பாய்ந்து மெயினை அணைத்தார். மைக் ஸ்டாண்டோடு சரிந்து கிடந்த பாடகி அசையவில்லை.

அசையவே இல்லை!

ஸ்டூடியோக்காரரின் தங்கை டூல்ஸ் பையோடு ஓடி வந்தபோது, உடலை எடுத்துப் போயிருந்தார்கள். பழைய ஆடியோ செட்டுகளை ரிப்பேர் செய்யும் மெக்கானிக் அவள்.

இன்ஸ்பெக்டர் விலங்கை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணனா?"

"ஆமா சார். கூடப் பிறந்த பாவம்."

"மைக்குக்குக் கரண்ட் குடுக்கற பெட்டியில எர்த் ஒயரை இவர்தான் வெட்டியிருக்கார். ஒத்துக்கிட்டார்."

"அடப்பாவி அண்ணா!"

"போன வாரம் உறுமல் வந்துச்சுடி... எர்த்தை வெட்டினா போயிடும்... எல்லா ஸ்டூடியோலயும் பண்றதுதானே..."

"உறுமலும் போகும்... ஆளும் போவாங்க!"

மேஜை மேல் அந்த இரும்புப் பெட்டி. வால்வு மைக்கின் பவர் சப்ளை. அங்கிருந்த எல்லோரையும்விட வயதில் மூத்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு கைகளாலும் அதைத் தூக்கப் போனார்.

"சார்... தொடாதீங்க!"

"பிளக்கைப் பிடுங்கியாச்சேம்மா?"

"பிடுங்கினாலும் உள்ள கெபாசிட்டர்ல கரண்ட் தேங்கி நிக்கும். மாமியார் கோபம் மாதிரி... லேசுல இறங்காது!"

தேங்கிய கரண்டை வடித்தாள். இடது கையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வலது கையால் மட்டும் திருகுகளைக் கழற்றினாள்.

"என்னம்மா, ஒரு கைக்கு லீவா?"

"ரெண்டு கையும் பட்டா கரண்ட் நெஞ்சு வழியாப் பாயும் சார். வால்வு செட்டுல கை வெச்சவங்க எல்லாருக்கும் இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கும்."

மூடி திறந்தது.

அண்ணன் வெட்டிய ஒயர் பல்லை இளித்தது.

ஆனால் அது என்ன... அந்தப் பக்கம்?

"சார்! கரண்ட் வர்ற லைவ் ஒயர்லேர்ந்து பெட்டியோட உடம்புக்கு ஒரு குட்டி ஒயர்... புது சால்டரிங்! எர்த் இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும். இல்லாததால மைக், ஸ்டாண்ட் எல்லாத்துலயும் கரண்ட்! இது கொலை சார்!"

"வெட்டினவரே ஒட்டியும் இருக்கலாமே?"

"இவன் சால்டரிங் காக்கா எச்சம் மாதிரி இருக்கும் சார்! இது முத்து மாதிரி இருக்கு!"

"கோர்ட்ல காக்கா சாட்சி சொல்லாதும்மா."

விலங்கு அண்ணனை நோக்கி நகர்ந்தது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அண்ணா! நேத்து ஒத்திகையப்போ இந்த ரூம்ல யாராவது தனியா இருந்தாங்களா?"

"நாங்க டீ குடிக்கப் போனோம்... அந்தம்மாவோட வீட்டுக்காரர் மட்டும் இங்கேயே உக்காந்திருந்தார்."

வெளியே சோபாவில் அழுதுகொண்டிருந்த கணவன் உள்ளே அழைக்கப்பட்டான்.

"நானா? நான் பேங்க் கிளார்க் சார்! வீட்ல பல்பு மாத்தறதுகூட அவதான்..." குரல் உடைந்தது.

"உங்க மனைவி டைவர்ஸ் கேட்டிருந்தாங்களாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும் சார்!"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

அவள் தோற்றுப்போன முகத்தோடு பெட்டியை மூடினாள். பையின் வார் பெட்டிக்கடியில் சிக்கியிருந்தது.

"சார்... பெட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்களேன்."

பக்கத்தில் நின்ற கணவன் முன்னால் வந்தான்.

அவனுடைய இடது கை தானாக பேண்ட் பாக்கெட்டுக்குள் நுழைந்தது. வலது கையின் புறங்கை பெட்டியை லேசாகத் தொட்டுப் பார்த்தது. பிறகுதான் தள்ளினான்.

வாரை இழுத்த அவளுடைய கை நின்றது.

இன்ஸ்பெக்டரின் விரலில் சுழன்ற விலங்கும் நின்றது!

"இடது கை எங்க சார் போச்சு?" மெதுவாகக் கேட்டார்.

"அது... சும்மா... பழக்கதோஷம்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பல்பு மாத்தத் தெரியாதவருக்கு என்ன சார் பழக்கம்?"

"எங்கப்பா ரேடியோ ரிப்பேர் கடை... சின்ன வயசுல..."



திடீரென்று கதவை நோக்கிப் பாய்ந்தான்!

சத்தம் புகாத ஸ்டூடியோக் கதவு. கனமான கதவு. அது பாதி திறப்பதற்குள் கான்ஸ்டபிள் மறித்தார்.

சுவரோரம் ஒட்டி நின்றான் கணவன். இடது கை இப்போதும் பாக்கெட்டில்!

இன்ஸ்பெக்டர் விலங்கை விரித்தார்.

"அந்தக் கையையும் வெளிய எடுங்க சார்... இதுக்கு ரெண்டு கையும் வேணும்!"