ஆளுயரத் திரி

தீவில் ஜெலுத்தோங் என்ற கடலோரப் பகுதியில் இருந்த அந்த மாடிவீட்டை ரோசலினுக்குப் பிடித்துப்போனதற்கு வாடகை காரணமல்ல, கடல்காற்றும் காரணமல்ல. அதன் நீளம்தான் காரணம்.

முன் ஜன்னலிலிருந்து பின் கதவு வரை மாடிக்கூடம் நாற்பத்து நான்கு அடி. 1927 ஏப்ரலில், மாட்டுவண்டியிலிருந்து சாமான்கள் இறங்குவதற்கு முன்பே, தையல்காரியான அவள் தன் அளவு நாடாவை எடுத்துத் தரையில் மண்டியிட்டு அளந்துவிட்டாள். நூற்றிருபது தடவை நடந்தால் சரியாக ஒரு மைல்.

"வீடு பாக்க வந்தியா, ரோடு பாக்க வந்தியா?" என்றான் அவள் கணவன் அந்தோணிராஜ். துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. சிரிக்காமல் கிண்டல் செய்வான்.

ரோட்டில் நடந்து பழக அவளால் முடியாது. ஒன்பது வயதிலிருந்து இரைப்பு நோய். கொஞ்சம் புழுதி, கொஞ்சம் ஈரம், நாலு படி வேகமாக ஏறினால் போதும், மூச்சுக்குழல் ஊசிக்கண்ணாகச் சுருங்கிவிடும். பிறகு பீங்கான் தட்டில் ஊமத்தை இலைத் தூளைக் கொளுத்தி, தலையில் துணி போட்டு மூடிக்கொண்டு அந்தக் கசப்புப் புகையை இழுக்க வேண்டும்.

அப்படிப்பட்டவள்தான் ஒன்பது மைல் நடப்பதாகப் பொருத்தனை செய்திருந்தாள்.

போன வருஷம் மகள் ஐரீனுக்குத் தொண்டை அடைப்பான் வந்து, ஆறு வயதுப் பிள்ளை நீலம் பாய்ந்து கிடந்த வேளையில், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முழந்தாளிட்டு அவள் வாய்விட்டுச் சொன்ன வார்த்தை அது. பிள்ளையைக் கொடு, அன்னம்மா தாயே. அக்கரைப் பிறை துறையிலிருந்து புக்கிட் மெர்தாஜம் கோயில் வரை வெறுங்காலோடு நடந்து வந்து, பிள்ளை உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

பிள்ளை பிழைத்தாள். வார்த்தை நிலுவையில் நின்றது. ஜூலை இருபத்தாறு திருநாள்.

அரை மைல் நடப்பதே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தோணிராஜ் தன் பங்குக்கு, "ரயில் இருக்கு. ரயில்ல வந்தா அன்னம்மா என்ன, உள்ள விடமாட்டாங்களா லா?" என்றான்.

"நடந்து வர்றேன்னு சொன்னேன்," என்றாள் ரோசலின். சொன்னபடி நடக்காவிட்டால் கொடுத்தது திரும்ப எடுக்கப்படும் என்ற பயம் அவளுக்கு. ஐரீன் ஒரு தடவை இருமினாலே கையிலிருந்த ஊசி நழுவி விழும்.

சாமான்களை ஒதுக்கும்போதுதான் அதைப் பார்த்தாள். பின் கதவருகே ஓர் ஆணி. அதில் சுற்றித் தொங்கியது, முறுக்கேறிய பருத்தி நூல்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆளுயரத் திரி. நோயில் கிடப்பவரை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நூலால் அளந்து, அந்த நூலையே திரியாக வைத்து மெழுகு ஊற்றிக் காணிக்கை ஏற்றுவது அவர்கள் ஜனங்களின் வழக்கம். ஒரு நூல் ஒருவருக்குத்தான். ஆனால் கண்டெடுத்த நூலைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஐரீனை நிற்க வைத்துப் பிடித்துப் பார்த்தாள். உச்சந்தலை முதல் குதிகால் வரை, ஒரு நூலிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"நமக்குன்னே அளந்து வெச்ச மாதிரி இருக்கு," என்றாள் கணவனிடம். நூலின் மேல் பழுப்பேறிய மெழுகு மெல்லியதாகப் படிந்திருந்தது. "முதல் பூச்சுகூட ஆயிருக்கு. வேலை மிச்சம்."

அன்றே திட்டம் போட்டாள். மதியத்தில் வீடு காலியாக இருக்கும். கணவன் வேலையில், ஐரீன் கன்னியர் பள்ளியில். அந்த நேரத்தில் நடை. இருபது தடவையில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு மைல் கூடினால் திரிக்கு ஒரு பூச்சு மெழுகு. ஒன்பது பூச்சு முடியும்போது காலும் மூச்சும் தயாராகிவிடும்.

திரியை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். கூடத்தின் நடுவில், தலைக்கு ஒரு சாண் மேலே, அது காற்றில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

முதல் வாரம் பதினெட்டாவது தடவையில் விழுந்தாள். இரண்டாம் வாரம் நாற்பது. மூன்றாம் வாரத்தில், மழை கறுத்த ஒரு மதியம், மூச்சு வாங்குவதற்காக முன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின் கதவுப் பக்கம் பலகை கிறீச்சிட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு நின்றது.

பழைய வீடு, ஈரப் பலகை என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் ஏழு. அவள் நின்ற பிறகும் நடை நிற்கவில்லை. அவளுடைய காலடிக்குச் சற்றுப் பிந்தி, அதே வெறுங்கால் ஓசை, கொஞ்சம் இழுத்து இழுத்து.

மே மாதக் கடைசியில் வாசனை வந்தது. கசந்த, தொண்டையை அரிக்கும் ஊமத்தைப் புகை. ஓடிப்போய்த் தன் தகர டப்பாவைப் பார்த்தாள். மூடி இறுகியிருந்தது. பீங்கான் தட்டு கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது.

புகை மட்டும் கூடத்தில் நின்றது.

அந்தப் புகைக்குள் ஓர் இரைப்புச் சத்தம். தன் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். அவள் மூச்சு சீராக இருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால், இரண்டு முழம் தூரத்தில், துருப்பிடித்த கீல்போல ஒரு மூச்சு ஏறி இறங்கியது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"நிக்காதே."

கிசுகிசுப்பு. காதோரத்தில்.

அவள் நடந்தாள். அன்று மூன்று மைல்.

கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வீடு மாற்றுவான். நடை நின்றுபோகும். அவனோ அவள் முகம் தெளிந்ததைக் கண்டு, இந்த வீட்டுக் காற்று ஒத்துப்போகிறது என்று கீழ்வீட்டில் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தான்.

கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டுக்கார அம்மா ஹபீபா பீவி. ஜூன் நடுவில் ஒரு மதியம் ரவாப் பலகாரம் கொண்டு மாடியேறி வந்தார். உத்தரத்தில் தொங்கியதைப் பார்த்தார். அதற்குள் ஆறு பூச்சு ஏறி, அது சின்னக் கை தடிமனுக்கு வெளுத்துத் திரண்டிருந்தது.

தட்டை அப்படியே தரையில் வைத்தார்.

"இந்த நூல் எங்கே புள்ள கெடச்சுச்சு?"

ரோசலின் ஆணியைக் காட்டினாள்.

ஹபீபா பீவி குரலைத் தாழ்த்திச் சொன்னது இவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன் நவமணி என்ற விதவை இங்கே குடியிருந்தாள். அவளுக்கும் இதே இரைப்பு. மகளுக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது இதே கோயிலுக்கு நடப்பதாகப் பொருத்தனை செய்து, பழகுவதற்காக இந்தக் கூடத்தில் பகலெல்லாம் நடந்தாள். கீழே படுத்தால் தலைக்கு மேல் அவள் காலடிதான். மகளை நூல் பிடித்து அளந்தாள்.

"ஒரே ஒரு பூச்சு மெழுகு ஊத்துனா. மறுநாளே புள்ள மவுத்தாப் போயிருச்சு. அப்பயும் அவ நடைய விடல. புள்ள போயிருச்சேம்மா, யாருக்கு நீ நடக்கிறேன்னு கேட்டேன். சொன்ன வார்த்தை இருக்கேக்கா, நிக்கக்கூடாதுங்கிறா. ஒரு மாசத்துல அந்த ஜன்னல்கிட்டயே மூச்சடைச்சு விழுந்தா."

"நூலைத் தூக்கிப் போட்டிருக்கலாமே."

"மூணு தரம் போட்டேன்," என்றார் ஹபீபா பீவி. அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை.

ரோசலின் துணி வெட்டும் கத்தரியை எடுத்தாள். செத்த பிள்ளையின் அளவு. அதில் தன் பிள்ளையை அல்லவா நிறுத்தி வைத்திருக்கிறாள்? நாற்காலி மேல் ஏறி, உத்தரத்தின் கீழே திரியின் கழுத்தில் கத்தரியை வைத்தாள்.

படிக்கட்டில் இருமல்.

பள்ளிவிட்டு வந்த ஐரீன் பாதிப் படியில் நின்றிருந்தாள். இரண்டு கையும் தொண்டையில். அந்த இருமல்தான், நாய் குரைப்பதுபோல, போன வருஷத்து இருமல். உதடு நீலம் பாயத் தொடங்கியிருந்தது.

கத்தரியை எடுத்தாள்.

திரியை விட்டுக் கத்தரி விலகியதும் இருமல் நின்றது. பிள்ளை திருதிருவென்று விழித்து, "பசிக்குதும்மா," என்றது.

இறங்கி உட்கார்ந்த நாற்காலியை விட்டு அன்று மாலை வரை ரோசலின் எழவில்லை. எழுந்தபோது ஆணியைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா. உங்க புள்ளைக்கும் சேத்தே நடக்கிறேன். என் புள்ளைய விட்டுருங்க."

பின் கதவருகே ஊமத்தைப் புகை ஒரு தடவை அடர்ந்து, கலைந்தது.

திருநாளுக்கு முந்தின காலை, முதல் பெரிப் படகில் கடலைக் கடந்து பிறை துறையில் இறங்கினார்கள். அந்தோணிராஜ் ஐரீனோடு ரயிலில் போய்க் கோயிலில் காத்திருப்பதாக ஏற்பாடு. நடப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், முன்னால் ஹென்றி வாத்தியார். ஈர வாழையிலையில் சுற்றிய மெழுகுவர்த்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோசலின் கடைசியாக நடந்தாள்.

மூன்று மைல். நான்கு. வயல் ஓரம், தென்னந்தோப்பு, மறுபடி வயல். அவள் மூச்சு ஊற்றுநீர்போல ஓடியது.

ஹென்றி வாத்தியார் பின்தங்கி வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போவோமா, ரோசலின்? உங்க இரைப்பு முன்னால வரைக்கும் கேக்குது."

"எனக்கு ஒண்ணுமில்ல, வாத்தியாரே," என்றாள். அது உண்மைதான். அந்த உண்மையில் அவள் முதுகு சில்லிட்டது.

எட்டாவது மைலில் வெயில் உச்சி ஏறியது. லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அதோடு அவளுடைய சொந்த மூச்சு அறுந்தது. ஊசிக்கண். இழுத்தாள். வரவில்லை. முழங்கால் மடிந்தது. முன்னால் போனவர்கள் வளைவில் மறைந்துவிட்டார்கள். கத்துவதற்குக் காற்று இல்லை.

தோளில் பாரம் குறைந்தது.

மெழுகுவர்த்தியின் பின்முனை மேலே எழுந்தது. யாரோ தாங்கிப் பிடித்திருந்தார்கள். பிடித்து, முன்னால் தள்ளினார்கள்.

"நிக்காதே."

அந்தக் கடைசி மைலை அவள் நடந்தாளா, நடத்தப்பட்டாளா என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. கோயில் வாசலில் ஐரீன் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது நினைவிருந்தது. மெழுகுவர்த்தியை நிறுத்தித் திரியைப் பற்றவைத்தது நினைவிருந்தது. சுடர் நேராக நின்றதும், முதுகுக்குப் பின்னால் நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது. திரும்ப உள்ளே போகவில்லை.

முடிந்தது என்று அழுதாள்.

வீடு அமைதியாகிவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். பலகை கிறீச்சிடவில்லை. புகை இல்லை. நாலாம் நாள் மதியம், இரைப்பே இல்லாத மார்போடு, திருநாளை முன்னிட்டுத் தள்ளிப்போட்டிருந்த துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளி அன்று விடுமுறை.

"அம்மா," என்றாள் ஐரீன் பின் கதவருகிலிருந்து. "உன் நூல் ஆணியில தொங்குது."

ரோசலின் கையிலிருந்து ஊசி நழுவியது.

பருத்தி நூல். புதிதாக முறுக்கியது. எடுத்து, முதலில் மகளைப் பிடித்து நிறுத்தி அளந்தாள். நூல் நீண்டு தரையில் சுருண்டது. பிள்ளைக்கு இல்லை. மாதாவே, பிள்ளைக்கு இல்லை.

பிறகு ஒரு நுனியைத் தன் குதிகாலில் மிதித்துக்கொண்டு, மறு நுனியை மேலே இழுத்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து.

உச்சந்தலையில் சரியாக முடிந்தது.

நுனி முறுக்கில் ஒரு நீள முடி சேர்ந்து முறுக்கியிருந்தது. அவளுடைய முடிதான். தூங்கும்போது யாரோ பக்கத்தில் குனிந்து, நோயில் கிடப்பவரை அளப்பதுபோல நிதானமாக அளந்திருக்கிறார்கள்.

முன் ஜன்னல் பக்கம் பலகை கிறீச்சிட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நவமணியின் நடை, இழுத்து இழுத்து, அவளை நோக்கி.

நூலைக் கீழே போட விரலைப் பிரித்தாள். பிரியவில்லை. ஒட்டிக்கொண்டது.

நூலின் மேல் முதல் பூச்சு மெழுகு இன்னும் ஆறவில்லை.